சாம்பல் நிறத்தில் இருநூற்றுப் பதினான்கு நாள்

பாதுகாப்பு ஓட்டைகளைத் திரையில் காட்டும் அந்த டாஷ்போர்டைத் தோ ஹேக்யோங் கேட்டு வாங்க மூன்று வருடம் ஆனது. முதல் வருடம் கேட்டபோது செலவு அதிகம் என்றார்கள். அடுத்த வருடம், இருக்கிற எக்செல் பட்டியல் போதாதா என்றார்கள். மூன்றாம் வருடம் போட்டி நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் விவரங்கள் மொத்தமாக வெளியே போய், அதன் தலைவர் கேமராக்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டு இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றார். மறுவாரமே இவளைக் கூப்பிட்டு, "அந்த ஸ்க்ரீன் ஒண்ணு சொன்னீங்களே, எவ்வளவு சீக்கிரம் வரும்?" என்று கேட்டார்கள்.

பாங்யோவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்த அவர்கள் நிறுவனம், குழந்தைக் காப்பகங்களுக்கான செயலி ஒன்றை நடத்தியது. பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தது, மூக்கு ஒழுகியதா, சாயங்காலம் யார் எத்தனை மணிக்கு வந்து கூட்டிப்போவார்கள் என்று ஆசிரியை தினமும் எழுதி, இரண்டு மூன்று போட்டோவும் சேர்த்துப் போடுவார். வேலையிடத்தில் இருக்கிற அம்மா செல்போனைத் திறந்து பார்த்துக்கொள்வாள். நாடு முழுக்க எட்டாயிரத்துச் சொச்சம் காப்பகங்கள் அதில் இருந்தன. ஹேக்யோங் பாதுகாப்புக் குழுவின் தலைவி. குழு என்பது பெயருக்குத்தான். இருந்த இன்னொருத்தி பிரசவ விடுப்பில் போனவள் திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆளும் எடுக்கவில்லை.

தானாக ஓடுகிற சோதனைக் கருவிகளும், வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து வருகிற சோதனையாளர்களும் செயலியில் கண்டுபிடிக்கும் ஓட்டைகள் எல்லாம் டாஷ்போர்டில் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும். எந்தக் குழு அதைச் சரிசெய்ய வேண்டும், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பக்கத்திலேயே தெரியும். ஆபத்தானது சிவப்பு. அவ்வளவு அவசரமில்லாதது மஞ்சள். சரிசெய்து முடித்தது பச்சை. நிறுவனத் தலைவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், காபி மெஷினுக்கு மேலே சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டச் சொன்னார். அலுவலகத்தில் எல்லாரும் அதை சிக்னல் என்றே கூப்பிட்டார்கள்.

முதல் மாதத்தில் அறுபத்தொன்றாக இருந்த சிவப்பு ஒன்பதுக்கு இறங்கியது. ஹேக்யோங்குக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருட வேலையில் தன் பேச்சை யாராவது கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். தேவையில்லாமல் நாலைந்து தடவை காபி எடுக்கப் போவாள். திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் ஒரு சுகம் இருந்தது.

வருடத் தொடக்கத்தில் தலைவர் ஒரு அறிவிப்பு செய்தார். ஒவ்வொரு குழுவுக்கும் வரவேண்டிய ஊக்கத்தொகையில் பாதி, அந்தக் குழுவின் பெயரில் எத்தனை சிவப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்குப் பிறகு இவள் மேஜைக்கு வந்தவர்கள், ஓட்டையை எப்படி அடைப்பது என்று கேட்க வரவில்லை. நிறத்தை எப்படி மாற்றுவது என்று கேட்க வந்தார்கள்.

"மேடம், இதெல்லாம் ஒரு சிவப்பா? மஞ்சளாக்கினா உங்க கையில இருக்கிற பெயின்ட் தீர்ந்துபோயிடுமா?"

"ஊர்ல எல்லா சிக்னலும் ரெண்டு நிமிஷத்துல மாறுது. உங்க சிக்னல்ல மட்டும் நாங்க மாசக்கணக்கா நிக்கிறோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் மதியம் சாப்பிடப் போகும்போது அவளைக் கூப்பிடுவது நின்றுபோனது.

மார்ச் கடைசியில் நிர்வாக இயக்குநர் நம்குங் தன் அறைக்கு வரச் சொன்னார். ஏப்ரலில் முதலீட்டாளர்கள் வருகிறார்கள், அலுவலகத்தைச் சுற்றிக் காட்டும்போது காபி மெஷின் பக்கமாகத்தான் போக வேண்டும் என்றார்.

"சிவப்பு, மஞ்சள், பச்சை. இதைத் தவிர உலகத்துல வேற நிறமே கிடையாதா?"

"என்ன சொல்றீங்கன்னு புரியல சார்."

"விருந்தாளி வர்றப்ப அழுக்குத் துணியை அலமாரிக்குள்ள தள்ளி வைக்கிறதில்லையா? துவைக்க மாட்டேன்னா சொல்றேன்? அவங்க போனதும் எடுத்துத் துவைப்போம். ஒரு மாசம். அதுக்கு நல்லதா ஒரு பேர் வைங்க. கண்காணிப்பில்னு போடுங்க. சாம்பல் நிறம் கொடுங்க, கண்ணை உறுத்தாது."

சாம்பலுக்குப் போவது எண்ணிக்கையில் சேராது. அது சம்பந்தமான எச்சரிக்கை மணியும் அடிக்காது. சாம்பலாக்க ஹேக்யோங்கின் பெயரில் ஒப்புதல் வேண்டும், காரணமும் எழுத வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை அவளே கேட்டு வாங்கினாள். தன் பெயர் இருந்தால் தன் பிடியில் இருக்கும் என்று நினைத்தாள். ஒரு மாதத்துக்கு மட்டும் என்று மின்னஞ்சலிலும் எழுதினாள். முதலீட்டாளர்கள் வந்தார்கள், போனார்கள். சாம்பல் போகவில்லை.

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் எண் ஓட்டை அந்த ஏப்ரலில்தான் வந்தது. வெளியிலிருந்து வந்த சோதனையாளர் தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் உண்டு. ஒரு பெற்றோராக உள்ளே நுழைந்து, தன் பிள்ளையின் பக்கத்தைத் திறந்து, மேலே முகவரியில் இருக்கிற எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றினால் போதும். வேறு பிள்ளையின் பக்கம் திறந்துகொள்ளும். அவர் ஆறை ஏழாக்கினார். பூசானில் ஏதோ ஒரு காப்பகத்தில் வாயைத் திறந்தபடி தூங்கும் ஒரு பையன் வந்தான். காப்பகத்தின் பெயர், வகுப்பின் பெயர், நாலரை மணிக்குப் பாட்டி வந்து கூட்டிப்போவார் என்ற குறிப்பு, எல்லாம் இருந்தது. ஏழை எட்டாக்கினார். ஒரு சின்னப் பெண் கஞ்சிக் கிண்ணத்தோடு சிரித்தாள். "போதும்" என்று ஹேக்யோங் சொல்லிவிட்டாள்.

அது குவாக் இன்ஹோவின் குழுவுக்குப் போனது. இன்ஹோ அவளைவிட நான்கு வயது சின்னவன். இதற்கு முந்தைய நிறுவனத்திலிருந்து ஒன்றாக வந்தவர்கள்; பத்து வருடமாக அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் அம்மா இறந்தபோது சவ அடக்க மண்டபத்தில் மூன்று நாளும் இருந்து, வந்தவர்களின் செருப்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்து, சூப் தட்டுகளைச் சுமந்து பரிமாறியவன் அவன். சொந்தத் தம்பி இருந்திருந்தாலும் அவ்வளவு செய்திருக்க மாட்டான் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள்.

மொட்டை மாடியில் புகைபிடிக்கிற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனான்.

"அக்கா, இதைத் தொட்டா மூணு வாரம் போயிடும். அந்தப் பழைய சர்வர் யார் எழுதினதுன்னே தெரியல. காப்பகங்கள்ல வச்சிருக்கிற டேப்லெட்ல பாதி அரதப்பழசு. ஒண்ணைத் தொட்டா எங்க எது புட்டுக்கும்னு சொல்ல முடியாது. வீடியோ வசதி அடுத்த மாசம் வெளியாகணும். அது முடிஞ்ச அன்னைக்கே இதை எடுக்கிறேன்."

"எனக்கு அதைப் பார்த்ததும் உடம்பே கூசிடுச்சு இன்ஹோ. தூங்குற பிள்ளைங்கடா."

"புரியுது அக்கா. ஆனா யோசிச்சுப் பாருங்க. எவன் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பரா மாத்தி மாத்திப் பார்க்கப் போறான்? அவனுக்கு வேற பொழப்பு இல்லையா?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பேர் போறது இது மூணாவது தடவை. ரெண்டு தடவை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். இந்த ஒரு சிவப்பு இல்லன்னா என் டீம்ல சிவப்பே கிடையாது. ஜூன் முதல் வாரம். எழுதிக் கொடுக்கவா?"

"எழுதியெல்லாம் தர வேண்டாம்" என்றாள்.

இருக்கைக்குத் திரும்பி வந்து சாம்பலாக்கினாள். காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினாள்: உள்ளே நுழையக்கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே. தவறாகப் பயன்படும் வாய்ப்பு குறைவு.

ஜூனில் ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். வீடியோவில் சத்தம் வரவில்லை என்று காப்பகங்கள் கத்துகின்றன, அதை முடித்துவிடுகிறேன் என்றான். ஜூலையில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. குழுவுக்கு மாட்டிறைச்சி விருந்து வைத்து, அவளையும் கூப்பிட்டு, முதல் துண்டைக் கீரையில் சுருட்டி அவள் வாயில் ஊட்டினான். செப்டம்பரில் இன்னொரு முறை கேட்டாள். அந்த முறை கொஞ்சம் முகம் சுளித்தான். அவனை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. மற்ற குழுக்களுக்கும் அவள் சாம்பல் கொடுத்துக்கொண்டேதான் இருந்தாள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு எப்படி மறுப்பது? இலையுதிர் காலத்தில் சாம்பலில் எண்பத்து மூன்று கிடந்தன. சிவப்பு ஒன்றுகூட இல்லை. தலைவர் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்து, நிறுவனத்தின் பக்கத்தில் போட்டார். மதிய சாப்பாட்டுக்கு அவளை மறுபடி கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி வோன்ஜுவிலிருந்து ஒரு வழக்கறிஞரின் கடிதம் வந்தது. நம்குங் அதை அவள் மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

யோம் சூஜோங் என்ற பெண், முப்பத்து மூன்று வயது, அடிக்கிற கணவனை விட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்ச்சோனிலிருந்து ஓடி வந்தவள். அவன் அருகில் வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தாள். மகள் தசோமுக்கு நாலு வயது. பிள்ளையின் பெயரைக்கூட மாற்றி வோன்ஜுவில் ஒரு காப்பகத்தில் சேர்த்திருந்தாள். போன வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு அவன் அந்தக் காப்பகத்தின் வாசலில் கையில் ஒரு கேக் பெட்டியோடு வந்து நின்றான். நீங்கள் யார் என்று ஆசிரியை கேட்டதும், செல்போனில் அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினான். இன்று என் பெண் பூசணிக்காய்க் கஞ்சி சாப்பிட்டாளாமே என்றான். ஆசிரியைக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே போய் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மா வந்து சேர்ந்தாள். வாகனம் நிறுத்துகிற இடத்தில் அவளுக்குக் கன்னத்து எலும்பும் மணிக்கட்டும் உடைந்தன. பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்து அவனைப் பிடித்துப் போலீஸில் கொடுத்தார்கள். இந்தக் குறிப்பேட்டுப் பக்கம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று வழக்கறிஞர் கேட்டிருந்தார்.

ஹேக்யோங் பதிவுகளை எடுத்தாள். இன்ச்சோனில் முன்பு பிள்ளை போன காப்பகத்தின் மூலம் வந்த கணக்கு அவனிடம் அப்படியே இருந்தது. யாரும் மூடவில்லை. அவனும் ஒரு பெற்றோர்தான். செப்டம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் தொடங்கியிருந்தான். பத்து விநாடிக்கு ஒரு பிள்ளை. பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினான். ஒரு மணிக்கு மறுபடி ஆரம்பித்து ஆறு மணிக்கு முடித்தான். சனி, ஞாயிறு இல்லை. ஏதோ சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை மாதிரி பத்தொன்பது நாள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் முகங்களைப் பார்த்திருந்தான். பெயர் மாறியிருந்தாலும் முகம் மாறவில்லை அல்லவா. பத்தொன்பதாம் நாள் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கத்தில் நின்றான். நாற்பது நிமிடம் வேறு எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்தான்.

மணிக்கு நூறு பக்கத்துக்கு மேல் ஒருவரே பார்த்தால் அடிக்கும் எச்சரிக்கை ஒன்றை அவளே எழுதி வைத்திருந்தாள். சாம்பலால் ஊமையாகாமல் அது அடித்திருந்தால் எப்போது அடித்திருக்கும் என்று கணக்குப் போட்டாள். முதல் நாள் காலை ஒன்பது இருபதுக்கு. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வாய் மட்டும் கசந்தது, காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி.

விவரக் கசிவுகளை விசாரிக்கும் அரசு ஆணையத்துக்குத் தகவல் கொடுக்க மூன்று நாள் அவகாசம் இருந்தது. கூட்டத்தில் நம்குங், நிறுவனத்தின் வழக்கறிஞர், இன்ஹோ, அவள் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

"இது எப்போ தெரிய வந்தது?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"ஏப்ரல் ஒன்பது" என்றாள் ஹேக்யோங். "இருநூத்திப் பதினாலு நாள் ஆகுது."

"தள்ளி வச்சது யார் முடிவு?"

வழக்கறிஞர் தன் முன்னால் இருந்த தாளைத் திருப்பினார். "ஒப்புதல், தோ ஹேக்யோங். காரணம், உள்ளே நுழையக்கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே." சாதாரணக் குரலில்தான் வாசித்தார். "இதுல வேற யார் பேரும் இல்ல. பாதுகாப்புப் பொறுப்பாளர் தொழில்முறையில ஆபத்து குறைவுன்னு மதிப்பிட்டிருக்கார். நிறுவனம் அதை நம்பியிருக்கு. அப்படித்தானே?"

"கேட்டது வேற டீம்" என்றாள் அவள். இன்ஹோவைப் பார்த்தாள்.

இன்ஹோ பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். "நாங்க கேட்டோம்தான்" என்றான் கடைசியில். "ஆனா பாதுகாப்பு விஷயத்துல நாங்க என்ன சொல்ல முடியும்? எங்களுக்குத் தெரியாதுன்னுதானே உங்ககிட்ட வர்றோம்."

அக்கா என்று சொல்லவில்லை.

"நிறம் வேணும்னு கேட்டது நீங்க சார்" என்று நம்குங்கிடம் திரும்பினாள்.

"ஒரு மாசத்துக்குன்னு நீங்களே மெயில் போட்டிருக்கீங்களே, மேடம்" என்றார் அவர். "நான் ஏழு மாசம்னா சொன்னேன்?"

அது உண்மைதான்.

இன்ஹோ அன்று மதியமே சரிசெய்ய உட்கார்ந்தான். மறுநாள் மாலைக்குள் வேலை முடிந்தது. மூன்று வாரம் என்று சொன்ன வேலை பதினொரு வரி. எந்த டேப்லெட்டும் உடையவில்லை. காபி மெஷினுக்கு மேலே ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு பச்சையானது.

அடுத்த வாரம் நம்குங்கும் அவளும் மன்னிப்புக் கேட்க வோன்ஜுவுக்குப் போனார்கள். காரை அவர்தான் ஓட்டினார். வழி முழுக்க ஒரே பேச்சு: "வருத்தம் தெரிவிக்கணும். தேதி எதுவும் பேசக்கூடாது. எப்போ தெரிஞ்சதுன்னு கேட்டா, விசாரணை நடக்குதுன்னு சொல்லணும். இது வக்கீல் எழுதிக் கொடுத்தது. நானா சொல்றதில்ல, புரியுதா?" மருத்துவமனையின் கீழ்த்தளக் கடையில் ஜூஸ் பெட்டிகளுக்கு முன்னால் நின்று, "திராட்சையா, பேரிக்காயா? அடிபட்டவங்களுக்கு எது நல்லது?" என்று கேட்டார். அவள் எதையோ கை காட்டினாள்.

யோம் சூஜோங் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் வீங்கி, நீலம் வடிந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பிள்ளை அங்கே இல்லை. இவர்கள் இருவரும் குனிந்து வணங்கினார்கள். வக்கீல் எழுதிக் கொடுத்ததை நம்குங் அப்படியே சொன்னார். சூஜோங் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் வாயை அதிகம் அசைக்காமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தக் கோளாறு இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அது பற்றி இப்ப விசாரணை நடந்துக்கிட்டிருக்குங்க" என்றார் நம்குங்.

"உங்களைக் கேக்கல. பாதுகாப்பைப் பார்த்துக்கிறது இவங்கதான்னு இப்பதானே சொன்னீங்க. இவங்களைக் கேக்குறேன்."

கேட்டுவிட்டு ஹேக்யோங்கையே பார்த்தாள். ஒரு கண் மட்டும்தான் முழுதாகத் திறந்தது.

"தெரியும்" என்றாள் ஹேக்யோங். "ஏப்ரல்லயே தெரியும். சரிபண்ணாம தள்ளி வச்சோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். சரிபண்ணியிருந்தா ரெண்டு நாள் வேலை."

நம்குங் அவள் முழங்கையைப் பிடித்தார். அறையில் வேறு ஏதோ கட்டிலுக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஹேக்யோங் என்ன எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே பின்னால் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் கத்துவாள் என்றோ, அழுவாள் என்றோ, உண்மையாவது சொன்னாயே என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்றோ நினைத்திருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"ரெண்டு நாளா" என்றாள் சூஜோங். "என் பொண்ணு இப்ப ஜன்னல் இருக்கிற ரூம்ல தூங்க மாட்டேங்குறா. என் சிநேகிதி வீட்டுல குளியலறைக்குள்ள பாய் போட்டுப் படுக்க வைக்கிறாங்க." பிறகு, "என்கிட்ட எதுக்கு இதைச் சொல்றீங்க? சொல்லிட்டா உங்களுக்கு லேசாயிடுமா?"

"இல்லங்க, அதுக்காக இல்ல…"

"போங்க. அந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க."

திரும்பி வந்து பாங்யோவில் இறங்கும்போது நம்குங், "உங்க மனசாட்சிக்கு எங்களை விலை கொடுக்க வச்சிட்டீங்க" என்றார். ஜூஸ் பெட்டி பின் இருக்கையிலேயே இருந்தது.

டிசம்பரில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. ஓட்டையை மறைத்ததற்காக அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. நிறுவனத்தின் உள்விஷயத்தை வெளியாளிடம் சொன்னதற்காக நீக்கினார்கள். ஓட்டையை மறைத்ததை அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அவளுடைய தனிப்பட்ட மதிப்பீட்டுப் பிழை என்று எழுதியிருந்தார்கள். இன்ஹோ சாட்சியாக வந்து, கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னான். எவன் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பரா மாத்திப் பார்ப்பான் என்று மொட்டை மாடியில் சொன்னது அவனுக்கு ஞாபகம் இல்லையாம். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதித் தரவா என்று கேட்டவனிடம் வேண்டாம் என்று சொன்னவள் அவள்தானே.

சூஜோங் தொடுத்த வழக்கில் நிறுவனத்தோடு சேர்த்து ஹேக்யோங்கின் பெயரும் பிரதிவாதியாக இருந்தது. மருத்துவமனையில் அவள் சொன்ன வார்த்தைகள் அதில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வரிசையாக வாசித்துப் பார்த்தபோது ஒரு இடத்திலும் பொய் இல்லை. வசந்த காலத்துக்குள் நிறுவனம் ஒரு தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இதைப் பற்றி எங்கேயும் பேசக்கூடாது என்பது நிபந்தனை. அம்மாவும் பிள்ளையும் மறுபடி ஊர் மாறினார்கள். எந்த ஊர் என்று ஹேக்யோங்குக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

விண்ணப்பம் போட்ட இடங்களில் இரண்டு பேர் மட்டும் நேரில் வரச் சொன்னார்கள். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். பிறகு தகவல் வரவில்லை. கடைசியில் சுவோனில் ஒரு சரக்குக் கிடங்கில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலைக்குப் போனாள்.

அடுத்த ஜனவரியில் இன்ஹோ கூப்பிட்டான். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சூப் சாதக் கடையில் காத்திருப்பதாகச் சொன்னான். போக வேண்டாம் என்று நினைத்தாள்; ஆனாலும் போனாள். அவன் பருத்திருந்தான். பாதுகாப்புக் குழுவை அவன் குழுவோடு இணைத்துவிட்டார்கள், இப்போது டாஷ்போர்டு அவன் பொறுப்பில் இருக்கிறது. இதை யாரோ சொல்லி அவளுக்கு முன்பே தெரியும்.

"இளைச்சுப் போயிட்டீங்க அக்கா."

"பெட்டி தூக்குறேன். இளைக்காம என்ன செய்வேன்?"

சூப் வந்தது. அவன் உப்பில் ஊறிய இறாலை எடுத்து, பழக்கதோஷத்தில் அவள் கிண்ணத்தில் முதலில் போட்டான். அவளுக்கு எவ்வளவு உப்பு என்று அவனுக்குத் தெரியும்.

"நீங்க அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில மட்டும் சும்மா இருந்திருந்தா, எல்லாத்தையும் நான் பார்த்துச் சமாளிச்சிருப்பேன். சத்தியமா."

"எதை வச்சு? பேனா மூடியை வச்சா?"

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். தப்பிக்க வேறு வழி தோன்றாதவன்போல அவன் வேறு பேச்சை எடுத்தான். மகள் பிறந்து பதினான்கு மாதம் ஆகிறதாம். மார்ச்சில் காப்பகத்தில் சேர்க்கிறார்கள். செல்போனில் படம் காட்டினான். கொழுகொழுவென்று, கீழ் வரிசையில் இரண்டே பல்லோடு இருந்தாள்.

"நம்ம செயலிதான் அங்கேயும்" என்றான். "நான் ஒரு படிவம் எழுதிக் கொடுத்துட்டேன். என் பொண்ணு போட்டோ போட வேண்டாம், பேர் போட வேண்டாம், யார் கூட்டிட்டுப் போறாங்கன்னு எழுத வேண்டாம்னு. தினமும் போன்ல சொன்னா போதும்னு சொல்லியிருக்கேன். அந்த டீச்சர் சிரிக்கிறாங்க. நீங்கதானே சார் இதைச் செஞ்ச கம்பெனின்னு."

சொல்லிவிட்டு அவனும் கொஞ்சம் சிரித்தான். அவளிடமிருந்து ஏதோ ஒன்றை எதிர்பார்த்து நிமிர்ந்து பார்த்தான்.

ஹேக்யோங் கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்ப சாம்பல்ல எத்தனை இருக்கு இன்ஹோ?"

அவன் சூப்பை ஊதினான். ஆறியிருந்த சூப்.

"எத்தனை?"

"அதெல்லாம் இப்ப வெளியில சொல்லக்கூடாது அக்கா."

அவள் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். தன் கிண்ணத்துக்கான காசை மேஜையில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தான், விடுவித்துக்கொண்டாள். அவளுடைய வேலை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பம். கிடங்குப் பேருந்து மூலையில் வந்து நின்றுகொண்டிருந்தது. ஏறி, ஜன்னல் பக்கம் இடம் இருந்தும், நடைவழியோர இருக்கையில் உட்கார்ந்தாள். நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் செல்போனில் அந்தப் பழைய நிறுவனத்தின் செயலியைத் திறந்து, சோறு சிந்திய வாயோடு இருந்த பையனைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஹேக்யோங்குக்கு இருந்தது. கிடங்கு வரும்வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். சொல்லாமலே இறங்கினாள்.